மத்தியானப் பேய்க்குத் திறந்து வைத்த கதவு

அந்த டிவித் தொடரில் முதலில் சாகிறவர் வீட்டுக் கணக்குப்பிள்ளை. ஆட்டுக்கல்லுக்கு அடியில் புதைக்கப்பட்ட மூத்த மருமகள் எழுந்து வந்து, பின்னாலிருந்து அவர் தலையைப் பிடித்து ஒரே ஒரு திருகு திருகுவாள். மடக்கென்று ஒரு சத்தம் வரும். முதல் முறை அது ஒளிபரப்பானபோது எனக்குக் கல்யாணமான புதிது. சத்தம் கேட்டதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியின் முந்தானையை இழுத்து என் முகத்தை மூடிக்கொண்டேன்.

"சாவுதது கணக்கப்பிள்ளை. நீங்க எதுக்குக் கண்ண மூடுதீங்க?" என்றாள். சாத்தான்குளத்துக்காரி. கண்ணை இமைக்காமல் கொலை பார்ப்பாள். வீட்டுக்கு வந்திருந்த என் மாமியார் நான் முந்தானைக்குள் இருந்ததைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு மகள் மேல் கொள்ளை ஆசை என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார். அந்த நல்ல பெயரைக் கெடுக்க வேண்டாமென்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

இருபது வருஷத்துக்கு மேல் கழித்து அதே தொடரை மறுபடி போட ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவுக்குக் கேபிள் இணைப்புக் கொடுக்கிற தம்பிதான் வந்து சொன்னான். முப்பத்தைந்து வயசிருக்கும், உடன்குடிப் பக்கத்துப் பையன், சிரித்த முகம். "அண்ணாச்சி, ஒங்க ஆளு திரும்ப வாராளாம். மத்தியானம் ரெண்டு மணிக்கு."

"யாருல?"

"ஆட்டுக்கல்லு அக்கா."

அப்போதே என் கண் மனைவியின் முந்தானையைத் தேடியது. ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியாது. விசைப்படகுகளுக்கு வடக்கயிறும் பெயிண்டும் விற்கிற கடை எனக்கு. மத்தியானம் அடைத்துவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு வருவேன். சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்தால் கை தானாக ரிமோட்டுக்குப் போகும். எல்லாக் கொலையும் வரிசையாகத் தெரியும். தெரிந்ததால் பயம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தெரியாத பேய் வந்த பிறகுதான் பயமுறுத்தும். தெரிந்த பேய்க்கு முந்தின நாளிலிருந்தே பயப்பட்டாக வேண்டும்.

அதனால் ஒரு நிபந்தனை வைத்தேன்: தொடர் ஓடும்போது தெருக்கதவு திறந்திருக்க வேண்டும். தூத்துக்குடி வெயிலில் இரண்டு மணிக்குத் தெருக்கதவைத் திறந்து வைக்கிறவன் மூளை சரியில்லாதவன். எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு எல்லா வீடும் அடைத்துக் கிடக்கும், நிலக்கரித் தூசியும் அனலும் உள்ளே வரக் கூடாதென்று. என் வீடு மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். என் மனைவி கேட்டாள்: "பேய் வந்தா நீங்க வெளிய ஓடவா, இல்ல அவ சுலபமா உள்ள வரவா?"

"ரெண்டுக்கும்தான்" என்றேன்.

ஆட்டுக்கல் தானாகச் சுற்ற ஆரம்பித்தால் அன்றைக்கு ஒருவர் காலி. கரகரவென்று கல் உராயும் சத்தம் மட்டும் முதலில் வரும். அந்தச் சத்தத்துக்கே நான் சோற்றை விட்டுவிட்டுக் காலை மேலே தூக்கிக்கொள்வேன். நான் போடும் "ஐயோ"க்களும் தொடரில் வரும் அலறல்களும் சேர்ந்து தெருக்கோடி வரை கேட்கும் என்று எதிர்வீட்டு டீச்சரம்மா சொல்வார்கள்.

தொடரில் அந்த மருமகளின் மாமியார் சாகிற கட்டம் தசரா நாட்களில் வந்து விழுந்தது. எங்கள் பக்கத்தில் தசரா என்றால் குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுவது. காளி, அரக்கன், குரங்கு, கரடி, குறத்தி, பைத்தியக்காரன், போலீஸ் என்று ஆளுக்கொரு வேஷம். விரதம் இருந்து, செட்டு என்கிற கோஷ்டிகளாக வேனில் ஏறி, மேளத்தோடு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்குவார்கள். காளி வேஷம் கட்டியவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். அம்மா என்றுதான் கூப்பிடுவோம். மீசைக்கார லாரி டிரைவராக இருந்தாலும் அம்மாதான். அந்த நாட்களில் யார் நிஜம், யார் வேஷம் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஒருமுறை போலீஸ் வேஷத்துக்கு என்று பத்து ரூபாயை நீட்டினேன். அவர் ரூபாயை விட்டுவிட்டு வண்டியின் ஆர்சியைக் கேட்டார்.

அன்றைக்கு ஆட்டுக்கல் சுற்றத் தொடங்கியது. கரகர. மாமியார் இருட்டில் விளக்கைத் தேடுகிறாள். என் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் காலை மேலே தூக்கினேன். அப்போதுதான் ஒரு விஷயம் இடித்தது: டிவியில் கல் நின்றுவிட்டது, கரகர நிற்கவில்லை. தெருவில் யாரோ இரும்பைச் சுவரில் தேய்த்துக்கொண்டே வருகிற சத்தம்.

நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் ஒரு உருவம். தலையிலிருந்து நெஞ்சு வரை சிவப்பு. ஒரு காது பாதி தொங்கியது. இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தது. விரல் நுனிகளிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சிந்தியது. எனக்கு உயிர் போய், திரும்பி வந்து, தசரா என்பதை நினைவுபடுத்தியது. அட, வேஷம்!

என்ன கட்டு கட்டியிருக்கான், காதைக்கூட விட்டு வைக்கவில்லையே என்று மெச்சிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்து அந்த ரத்தக் கையில் வைத்தேன். நோட்டு நனைந்து ஒட்டிக்கொண்டது.

"எந்த ஊர் செட்டுல?" என்றேன்.

"அண்ணாச்சி... கதவ அடைங்க."

கேபிள் தம்பியின் குரல்.

"கதவ அடைச்சா எனக்குப் பயமா இருக்கும்லா" என்று நான் சொன்னேன். சத்தியமாக அதைத்தான் சொன்னேன். மூளை இன்னும் வேஷத்திலேயே நின்றுகொண்டிருந்தது. தம்பி முழங்காலில் சரிந்து நடுவீட்டில் விழுந்தான். தோள்பட்டை பிளந்து உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ரத்தத்துக்கு ஒரு வாடை உண்டு. பெயிண்டுக்கு அது கிடையாது. பெயிண்டு விற்கிற எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது.

என் மனைவி கீரையை உதறிவிட்டு ஓடி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். போட்ட கையை எடுக்கவில்லை, அதற்குள் வெளியே இருந்து ஒரு வெட்டு விழுந்தது. பலகை பிளந்து அரிவாளின் மூக்கு உள்ளே எட்டிப் பார்த்தது. அதை அசைத்து அசைத்து உருவும் சத்தம் கேட்டது. மறுபடி ஒரு வெட்டு. சிராய் பறந்து டிவியில் பட்டது.

"ஏலே, வெளிய வால! கெணத்துப் பாதைய அடைச்ச கைய எடுக்காம போவ மாட்டேன்!"

"பெரியப்பா மவன்" என்று தம்பி முனகினான். ஊரில் பங்காளிகளுக்குள் ஒரு கிணறு, அதற்குப் போக ஒரு பாதை. தம்பி அதில் முள்வேலி வைத்திருக்கிறான். அவ்வளவுதான் விவகாரம். அதற்குப் பெரியப்பா மகன் அரிவாளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறான்.

"போலீசுக்குப் போன் போடுங்க!" என்று என் மனைவி கத்தினாள். நான் கையிலிருந்ததில் ஒன்று, சைபர், சைபர் அழுத்தினேன். நூறாம் நம்பர் சேனல் வந்தது. ஒரு அம்மா சிரித்துக்கொண்டே கோழியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்றேன்.

வெளியே குரல் மாறியது. நயமாக, கடைக்குச் சாமான் வாங்க வந்தவன் மாதிரி. "அண்ணாச்சி, ஒங்களுக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல. அவன வெளிய தள்ளிட்டு நீங்க டிவியப் பாருங்க."

ஒரு கணம் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அரிவாளே தேவலை.

"வேட்டிய அவுருங்க" என்றாள்.

அவிழ்த்தேன். அதைக் கிழித்து, தம்பியின் தோளையும் அக்குளையும் சேர்த்துச் சுற்றி, கீரை உருவிய கையால் முறுக்கினாள். அவன் அலறினான். நானும் அலறினேன். பெருகிய ரத்தம் கொஞ்சம் மட்டுப்பட்டது, நின்றபாடில்லை. "முழிச்சிருல தம்பி, கண்ண மூடின, நானே அடிப்பேன்" என்று அவன் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தாள். அவன் உதடு வெளுத்துக்கொண்டே போனது. சீக்கிரம் வெளியே கொண்டுபோகாவிட்டால் அவன் என் வீட்டுத் தரையிலேயே முடிந்துவிடுவான் என்று எனக்கே தெரிந்தது. கொண்டுபோக ஒரே வாசல்தான். அதில் அரிவாள்காரன் நிற்கிறான்.

நாங்கள் போட்ட கூச்சலுக்குத் தெருவே திரண்டிருக்க வேண்டும். ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. டீச்சரம்மா பிறகு சொன்னார்கள்: "ரெண்டு மணிக்கு ஒங்க வீட்ல தெனமும் கேக்குத சத்தம்தானேன்னு இருந்துட்டேன்."

கதவில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. அந்தக் கை உள்ளே வந்து தாழ்ப்பாளைத் தடவியது. என் மனைவி அரிவாள்மனையைத் தூக்கினாள். நான் முருங்கைக்குச்சியைத் தூக்கினேன்.

அப்போது மேளம் கேட்டது. தெருமுனையில் தசரா செட்டு ஒன்று வேனை நிறுத்திவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தது. கை வெளியே போனது. ஓட்டை வழியாகப் பார்த்தேன். முன்னால் காளி: ஆறடி உயரம், சடாமுடி, கிரீடம், கோரைப்பல், கையில் வாள். பின்னால் குரங்கு, கரடி, போலீஸ். காளி நின்றார். சுவரில் ரத்தக் கறையையும் வெட்டுப்பட்ட கதவையும் பார்த்தார்.

"ஏலே, எவம்ல அது?"

அரிவாளோடு நின்றவன் திரும்பினான். இதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவன் செருப்பைக் கழற்றினான். சொந்தச் சித்தப்பா மகன் தோளைப் பிளந்துவிட்டு வந்தவன், அம்மா முன்னால் செருப்போடு நிற்கக் கூசினான். ஒரு செருப்பு கழன்றுவிட்டது. மற்றதை அடுத்த காலால் தள்ளினான். அந்த ஒற்றைக்காலில் நின்ற நேரம் போதும். கரடி பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டியது. குரங்கு கையைக் கடித்தது. வேஷத்துக்காக அல்ல, நிஜமாகவே. அரிவாள் கீழே விழ, காளி அதை மிதித்துக்கொண்டு, வாளின் பிடியால் அவன் வாயில் ஒன்று போட்டார். பல் தெறித்தது. பிறகு ஆளாளுக்கு விழுந்த அடியில் சதையும் எலும்பும் சேர்ந்த சத்தம் கேட்டது. தொடரில் வருகிற மடக் எல்லாம் ஒன்றுமே இல்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"போதும், கொன்னுராதீங்கல! உள்ள ஒருத்தன் சாவுதான்!" என்று கதவைத் திறந்துகொண்டு கத்தினாள் என் மனைவி.

தம்பியைத் தூக்கி வேனில் போட்டார்கள். மேளத்தைத் தள்ளிவிட்டு அவனைக் காளி மடியில் வைத்துக்கொண்டார். கரடி அவன் பெரியப்பா மகன் முதுகில் உட்கார, என் மனைவி நிஜப் போலீசுக்கு நிஜப் போனில் பேசிக்கொண்டு அங்கேயே நின்றாள். நான் வேனில் தொற்றிக்கொண்டேன். வேஷப் போலீஸ் படிக்கட்டில் தொங்கி விசில் ஊத, வழியெல்லாம் லாரிகள் ஒதுங்கின. தம்பி கண் செருகியபோதெல்லாம் காளி குனிந்து, "ஏலே, அம்மா கூப்பிடுதேன், முழி" என்றார். அவன் முழித்தான். அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தால் யாரும் முழிப்பார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸம்மா எங்களைப் பார்த்துவிட்டு, "செட்டெல்லாம் வெளிய நில்லுங்க. உள்ள காணிக்கை கேக்கக் கூடாது" என்றார்.

"இது நெசம்மா" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். ரத்தச் சட்டை, கீழே பட்டாபட்டி டிராயர், கையில் முருங்கைக்குச்சி. "பைத்தியக்கார வேஷமா? நல்லாக் கட்டிருக்கீங்க."

காளி தம்பியின் தோளில் சுற்றியிருந்த துணியை விலக்கிக் காட்டினார். நர்ஸம்மா முகம் மாறியது. ஸ்ட்ரெச்சர் ஓடி வந்தது.

ரத்தம் வேண்டும், உடனே வேண்டும் என்றார்கள். காளி கிரீடத்தைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார்.

"விரதமா? எத்தனை நேரம் சாப்பிடுதீங்க?"

"ஒரு நேரம். பச்சரிசிச் சோறு."

"ஒங்ககிட்ட எடுக்க முடியாதும்மா." நர்ஸம்மாவும் அம்மா என்றுதான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க நல்லாச் சாப்பிடுவீங்க போலுக்கே."

பரிசோதித்தார்கள். ஓ பாசிட்டிவ். தப்பிக்க வழியில்லை. கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஊசியைப் பார்த்தேன், வடக்கயிறு தைக்கிற ஊசி போலிருந்தது. காளி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முரட்டுக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ண மூடிக்கிடும். அம்மா இருக்கேம்லா."

பை நிறைந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடினார். நெடுநேரம் யாரும் வரவில்லை. ஆபரேஷன் கதவுக்கு வெளியே குரங்கு முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தது. தம்பி யாரென்றே அதற்குத் தெரியாது. கடைசியில் டாக்டர் வெளியே வந்தார். "ரத்தக்குழாயைப் பிடிச்சுத் தச்சாச்சு. கை எப்படி இருக்கும்னு இப்பச் சொல்ல முடியாது. ஆள் இருப்பான்."

அப்போது என் மனைவி, வேஷப் போலீஸ் கிளம்பும்போது கொடுத்திருந்த நம்பருக்குப் போன் செய்தாள்; என் போன் வீட்டிலேயே கிடந்தது. அவர் தன் போனை என்னிடம் நீட்டினார். "உசுரு இருக்கா?" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

"இருக்கு."

 மறுமுனையில் அவள் அழுதாள். இத்தனை வருஷத்தில் எந்தக் கொலைக்கும் கண்ணை மூடாதவள், தேம்பித் தேம்பி அழுதாள்.  காளி என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"அழாத தாயி. ஒம் புருசன் ரத்தம் குடுத்தாரு. மயங்காம, ஆடாம அசையாமப் படுத்திருந்தாரு."

அழுகை நின்றது. அவள் மூக்கை உறிஞ்சுவது எனக்கே கேட்டது.

"அம்மா, நீங்க பொய் சொல்லக் கூடாது" என்றாள்.