தனியாக மகால் பார்த்த நாள்

மதுரை மகாலை நான் முதன்முதலில் பார்த்தது பன்னிரண்டு வயதில், கரி எஞ்சின் ஓடிய எழுபதுகளில். கூட யாரும் இல்லை. இதைச் சொன்னால் இன்றைக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் நம்புவதில்லை. கோவில்பட்டியில் தெருமுனைக் கடைக்குக்கூடப் பெண்பிள்ளையைத் துணையில்லாமல் அனுப்பாத வீடு எங்களுடையது.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் மகாலுக்குச் சுற்றுலா போனார்கள். அப்பா ஒரே சொல்லில் முடியாது என்றுவிட்டார். பருத்தி வியாபாரி அவர். பேரம் பேசுகிற பொறுமையெல்லாம் கடையோடு சரி, வீட்டில் கிடையாது. போய்வந்த பிள்ளைகள் ஒரு வாரம் தூண்களைப் பற்றியே பேசினார்கள். நான் சரித்திரப் புத்தகத்தில் இருந்த மங்கலான படத்தைப் பார்த்துப் பார்த்து அழுதேன். அப்படி ஓர் ஏக்கம் பிறகு எதன்மேலும் எனக்கு வந்ததில்லை. அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு மாதம் கழித்து அப்பா பருத்தி பார்க்கக் கயத்தாறு பக்கம் போனார். திரும்பி வர இரண்டு நாளாகும். மறுநாள் விடிந்ததும் அம்மா எனக்குத் தலை பின்னி, தூக்குவாளியில் புளிச்சோறு வைத்துக் கொடுத்து, மதுரைக்குப் போய் மகாலைப் பார்த்துவிட்டுச் சாயங்கால வண்டியில் வந்துவிடு என்றாள். தனியாகப் போகப் பயந்தேன். அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தோடு போகிறேன் என்றேன்.

"அடுத்த வருசம்லாம் கிடையாதுட்டி. இப்பமே கிளம்பு. உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைய எங்க அம்மா வீட்டுக்கே அனுப்பிருவாவ" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பயமும் இருந்தது.

ஸ்டேஷனில் டிக்கெட் எங்கே வாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எப்போதும் யாராவது வாங்கி, ஏற்றி, இறக்கியே பழக்கம். நானே வரிசையில் நின்று வாங்கினேன். யாராவது கேட்டால், அப்பா அடுத்த பெட்டியில் இருக்கிறார் என்று சொல்லச் சொன்னாள்.

சாத்தூரில் ஓர் அம்மாள் மடி நிறைய வெள்ளரிப்பிஞ்சோடு ஏறி என் எதிரே உட்கார்ந்தார். "யாரு கூட வருத பாப்பா?" என்றார். ஒப்பித்தேன். எனக்கு இரண்டு பிஞ்சும் அப்பாவுக்கு இரண்டு பிஞ்சும் கொடுத்தார். அதோடு விட்டாரா? விருதுநகரில் வண்டி நின்றதும், போய் அப்பாவிடம் கொடுத்துவிட்டு வா என்று விரட்டினார். இல்லாத அப்பாவைத் தேடி இறங்கி, அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டு, நான்கையும் நானே தின்றேன்.

மதுரையில் வழி கேட்டுக் கேட்டு நடந்தேன். மகாலுக்குள் காலை வைத்ததும் வாய் பிளந்து நின்றுவிட்டேன். எங்கள் கரிசல் காட்டில் உயரமென்றால் பனைமரம்தான். இங்கே ஒரு தூணைக் கட்டிப்பிடித்தால் என் கைகள் அதில் பாதிக்குக்கூட எட்டவில்லை. பக்கத்துத் தூணை ஒரு குடும்பமே கைகோத்து வளைத்துப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அம்மா என்னோடு இல்லாதது எனக்கு உறைத்தது. அவளும் பார்க்க வேண்டுமே என்று ஏக்கமாக இருந்தது. தாங்கமாட்டாமல் "அம்மா" என்று கத்திவிட்டேன். மண்டபம் முழுக்க எதிரொலித்தது. காவல்காரர் ஓடிவந்து யாரோடு வந்தாய் என்று கேட்க, பதற்றத்தில் "அப்பா அடுத்த பெட்டில இருக்காவ" என்றேன். அவர் பெட்டியைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்ப்பதற்குள் ஓட்டம் பிடித்தேன்.

சாயங்காலம் வண்டி வந்தபோது அம்மா பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள். மத்தியானத்திலிருந்தே நிற்கிறாள் என்று கடலை மிட்டாய் விற்பவர் சொன்னார். என் முகத்துக் கரித்தூளை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. அடுத்த தை மாதம் நான் வயதுக்கு வந்தேன். பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது. என் அக்காவுக்கும் அப்படித்தான் நின்றிருந்தது. பிறகு கல்யாணம், புகுந்த வீடு. எங்கே போனாலும் கூட ஓர் ஆள். அம்மாவுக்கு இதெல்லாம் அன்றைக்கே தெரியும். எனக்குத்தான் தெரியாது.

அன்று ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது மூச்சுவிடாமல் தூண்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா உம் கொட்டினாளே தவிர, காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கடைசியில் குறுக்கிட்டாள்.

"அது கிடக்கட்டும்ட்டி. அந்த ஊரு ரோட்டுல நீ மட்டும் தனியா நடந்தியே, அது எப்படி இருந்தது?"

இவ்வளவு பெரிய அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது! எனக்குக் கோபம் வந்தது. கால் வலித்தது என்றேன்.

"அதில்லட்டி. முன்னாடி பின்னாடி நம்ம ஆளு யாருமே இல்லாம, நீயா நடக்கும்போது..." என்று தொடங்கியவள், மேலே எப்படிக் கேட்பது என்று தெரியாமல் என் முகத்தையே பார்த்தாள்.

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தூண்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.