கந்தசஷ்டிக்கு முதல்நாள் டோஃபு வாங்கப் போனது

கந்தசஷ்டி விரதம் தொடங்குவதற்கு முதல்நாள், இரவுக்கு வழக்கமான புட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தேன். லண்டனில் எங்கள் ஆட்கள் நிறைந்த மோர்டனில் குடியேறிய பிறகு எங்கள் வீட்டு அரசியலமைப்பில் செய்யப்பட்ட முதல் திருத்தம் இது. மறுநாளிலிருந்து ஆறு நாள் வீட்டில் மச்சம் கிடையாது. மீனும் இறைச்சியும் அடுப்புப் பக்கம் வராது. ஆகவே கடைசி இரவுக்குப் பன்றி இறைச்சியும் டோஃபு என்னும் சோயாக் கட்டியும் போட்டு உறைப்பாகக் காய்ச்சும் கொரியக் குழம்பு, சுந்துபு. இதே விபரீத ஆசை உள்ளவர்களுக்காக இந்தக் குறிப்பு.

மனைவி சிவமலர் எதிர்க்கவில்லை. அவருக்கு விரதம்தான் முக்கியம். ஆறு நாளும் ஒருநேரச் சாப்பாடு. அதுவும் யாழ்ப்பாணத்திலிருந்து விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்த மண்சட்டியில் காய்ச்சியதாக இருக்க வேண்டும். மச்சமே படாத சைவச் சட்டி அது. அதே அளவில், அதே கறுப்பில் ஒரு மச்சச் சட்டியும் வீட்டில் உண்டு.

"நான் வேலையால வர ஆறரை ஆகும். என்னவும் செய்யுங்கோ. அடுப்பை மட்டும் கழுவித் தந்தாச் சரி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் தெருமுனைத் தமிழ்க் கடையில் கொரிய மிளகாய்த்தூள் கேட்டேன்.

"ஏன் அண்ணை, எங்கட தூளைப் போடுங்கோ. கொரியாக்காரன் கண்ணால தண்ணி விடுவான்," என்றார் கடைக்காரர்.

"அதில மல்லி, சீரகமெல்லாம் கிடக்கே?"

"ஓம், அது அவங்களுக்கு நாங்கள் சும்மா குடுக்கிறது."

ஆகவே நியூ மால்டன். கொரியர்களின் மோர்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் சுமார் மூன்று மைல். 93ஆம் இலக்க பஸ்ஸில் விம்பிள்டன், அங்கிருந்து 131. கட்டணம் ஒன்றே முக்கால் பவுண். ஒரு மணி நேரத்துக்குள் ஏறினால் இரண்டாவது பஸ்ஸுக்குக் காசில்லை. ரேய்ன்ஸ் பார்க்கில், சேவையின் இடைவெளியைச் சீராக்குவதற்காகச் சற்று நேரம் நிற்கப்போவதாக பஸ்ஸே அறிவித்தது. யாருடைய இடைவெளி என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "பின்னால் வருகிறவர்களுடையது," என்றார். பின்னால் வந்த 131 எங்களைக் கடந்து போனது. நடந்திருக்கலாம்.

கொரியக் கடையில் மிளகாய்த்தூள் ஐந்து பவுண், குழாய் போன்ற உறையில் வரும் மென்மையான டோஃபு ஒன்று இரண்டு பவுண், மெல்லிசாகச் சீவிய பன்றி இறைச்சி ஆறு பவுண். காசு வாங்கிய அம்மையார் என் கூடையைப் பார்த்தார்.

"சட்டி இருக்கிறதா? இதற்கென்றே ஒன்று விற்கிறோம். இருபத்தெட்டு பவுண்."

"எங்கள் வீட்டில் மண்சட்டி இருக்கிறது," என்றேன், ஒரு நாகரிகத்தின் சார்பில்.

"அதில் இறைச்சி சமைப்பீர்களா?"

"தாராளமாக."

நாலரைக்கு வீடு திரும்பினேன். அடுப்படியில் மண்சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. எண்ணெயில் வெங்காயம், பூண்டு, பன்றி இறைச்சி; வதங்கியதும் இரண்டு கரண்டி மிளகாய்த்தூள், தண்ணீர்; கொதித்ததும் டோஃபுவைக் கரண்டியால் பெரிய துண்டுகளாக வெட்டிப் போட வேண்டும். கடைசியில் ஒரு முட்டை. கை தானாக மஞ்சள்தூள் டப்பாவுக்குப் போகும், அடக்குங்கள்.

ஆறரைக்குச் சிவமலர் வந்தார். கோட்டைக் கழற்றவில்லை.

"இஞ்சாருங்கோ, இது எந்தச் சட்டி?"

"மச்சச் சட்டி."

"மச்சச் சட்டியை நான் காலமையே ஷெட்டுக்க வைச்சிட்டனே."

தோட்டத்து ஷெட்டைத் திறந்து பார்த்தேன். உள்ளே மச்சச் சட்டி, புல்வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில், எந்தக் குற்றமும் செய்யாததுபோல் இருந்தது.

"கழுவினாப் போகும்," என்றேன்.

"அடுப்பைக் கழுவலாம். மண்சட்டி குடிச்ச பண்டியை என்னெண்டு கழுவுறது?"

பிறகு கோட்டுடனேயே உட்கார்ந்து இரண்டு கோப்பை சாப்பிட்டார்.

"உறைப்பும் காணாது," என்றார்.

போகிறவர்களுக்கு என் ஆலோசனை: விம்பிள்டனிலிருந்து ரயிலில் போங்கள். டோஃபு இரண்டு குழாய் வாங்குங்கள், ஒன்று காணாது. மிளகாய்த்தூளைச் சொன்னதைவிட இன்னுமொரு கரண்டி கூடப் போடலாம். கடைக்கார அம்மையார் காட்டும் சட்டியை, பேசாமல், வாங்கிவிடுங்கள். இருபத்தெட்டு பவுண் மலிவு.

விரதத்தின் ஆறு நாளும் சிவமலர் வேலை முடிந்து ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய்ச் சாப்பிட்டார். மோர்டனிலிருந்து நோர்தேர்ன் லைன் பாதாள ரயில். ஹை பார்னெட் போகும் ரயிலில் ஏறினால் மாறத் தேவையில்லை. ஏறக்குறைய ஐம்பது நிமிடம்.