பலகைக்கு வைத்த பொட்டு

மகளுக்குப் பத்து வயது நடந்த அந்த இலையுதிர் காலத்தில், நான் வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறந்தால் வரவேற்க ஒரு ஆள் இருந்தது. ஆள் என்பது கொஞ்சம் கூடிய மரியாதை. சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைப் பலகை.

மகள் தாயோடு, பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் மறு முனையில், லாசாலில் இருந்தாள். நான் ஜான்-டலோன் சந்தைக்குக் கிட்ட, இரண்டாம் மாடியில், ஒரு அறையும் சமைக்க ஒரு குசினியும் உள்ள வீட்டில் இருந்தேன். பிரிந்து மூன்று வருடம். யாருடைய பிழை என்று எழுதப்போனால் பாதிப் புத்தகம் போய்விடும். என் பிழைகளை மட்டும் எழுதினால் முக்கால் புத்தகம் போகும். ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் பஸ்ஸும் மெட்ரோவும் பிடித்துப் போய் அவளைக் கூட்டி வருவேன். ஞாயிறு பின்னேரம் கொண்டுபோய் விடுவேன். மற்ற நாட்களில் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குவேன்.

அந்த வருடம் பள்ளிக்கூடம் தொடங்கிய கையோடு தாய் ஃபோன் எடுத்தாள்.

"பிள்ளை அங்கை வந்து என்ன செய்யிறது எண்டு கேக்கிறாள். பனிக்காலம் தொடங்க மாதத்துக்கு ஒருக்கா வைப்பமே?"

பார்ப்போம் என்று சொல்லி ஃபோனை வைத்தேன். கோபத்தால் அல்ல, கேள்வி நியாயமானது என்பதால். என் வீட்டில் ஒரு டிவி, ஒரு சோறு சமைக்கும் சட்டி, என்னுடைய பகிடிகள். பகிடிகளை அவள் ஏழு வயதுக்குள்ளேயே கேட்டு முடித்துவிட்டாள்.

ஆகவே நான் ஒரு தந்திரம் செய்தேன். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் தாங்களே கட்டளை எழுதி இயக்கும் ஒரு மின்பலகையை அவளுக்குக் காட்டியிருந்தார்கள். அது வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஐப்பசி முடிவில் விஞ்ஞானக் கண்காட்சியும் இருந்தது. பலகையை வாங்கினேன். கூட வேலை செய்யும் அண்ணையிடம் ஒரு பழைய கொம்பியூட்டரும் எடுத்தேன். பிறகு நிபந்தனை போட்டேன்.

"பலகை அப்பா வீட்டிலைதான் இருக்கும். கண்காட்சிக்கு மட்டும் கொண்டு போகலாம்."

"ஏன்?"

"அது பாரம்."

அவள் அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள்.

அந்தச் சனிக்கிழமை முழுக்க அவள் எனக்குப் பலகையைப் படிப்பித்தாள். பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. பன்னிரண்டு சின்னச் சிவப்பு விளக்குகள் வரிசையாக. இரண்டு பொத்தான்கள். சத்தம் போடுவதற்குக் கறுப்பாக, சட்டைப் பித்தான் போல ஒரு வட்டம். ஓரத்தில் நாலு ஓட்டைகள், முதலை வாய் மாதிரிப் பல்லுள்ள கிளிப்பால் வயரைக் கவ்வி இணைப்பதற்கு. முதுகில் மூன்று பற்றறி. கொம்பியூட்டரில் இருந்து வரும் தடித்த வயரைச் செருகி, திரையில் கட்டம் கட்டமாக அடுக்கிய கட்டளைகளை அனுப்பினால் அது பிடித்துக்கொள்ளும். பிறகு வயரைக் கழற்றலாம், பற்றறியையும் கழற்றலாம், சொன்னதை மறக்காது.

"பற்றறி இல்லாமலும் ஞாபகம் இருக்குமோ?"

"ஓம். உங்களை மாதிரி இல்லை."

நடுவில் உளுத்தம் விதையை விடக் கொஞ்சம் பெரிதாக, பளபளப்பாக ஒரு வட்டம். அதற்குள் புழு நெளிந்தது போல ஒரு கோடு. அதைப் பற்றியும் அவள் கனநேரம் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

அடுத்த முறை வந்தபோது அவள் கண்காட்சி வேலையை முடித்தாள். என் கதவுக்கு எதிரே, உள்சுவரில் ஒரு தட்டு. அந்தப் பக்கம் ஜன்னல் இல்லை, பகலிலும் இருட்டு. பலகையைத் தட்டில் நிறுத்தி, என்னை வெளியே போய் வரச் சொன்னாள். கதவைத் திறந்தேன். சிவப்பு விளக்குகள் ஓடி ஓடி எரிந்தன. நாலு சுரத்தில் ஒரு சின்ன மெட்டு கேட்டது.

"அப்பா வந்தால் பாடும்," என்றாள். "துஷ் பா! தொடக்கூடாது. விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு."

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் எனக்கே வெட்கம். குப்பையை ஒரே தடவையில் கொண்டுபோகாமல் இரண்டு பையாகப் பிரித்தேன். பால் வாங்க மூலைக் கடைக்குப் போய், வந்து, பாணை மறந்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிவிட்டுத் திரும்பப் போனேன். ஒவ்வொரு தரமும் நாலு சுரம். வெளியே போகக் கதவைத் திறந்தாலும் அதே மெட்டைப் பாடும். வருகிறவனுக்கும் போகிறவனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அதையும் மன்னித்தேன்.

அந்தக் கிழமைக்குள் சரஸ்வதி பூசை வந்தது. தனி ஆளாக இருந்தாலும் அவலும் கடலையும் வைத்து, படத்துக்கு முன்னால் ஏதாவது படிப்புச் சாமான் வைப்பேன். என்னிடம் இருந்த படிப்பு, வரி கட்டும் கடிதம் ஒன்றும் பிரெஞ்சு வகுப்புக் கொப்பி ஒன்றும். இந்த முறை வீட்டில் உண்மையான படிப்பு இருந்ததே! பலகையைப் பெருமையாகத் தூக்கி வைத்தேன். தொடாதே என்றது சரஸ்வதி அம்மாளாச்சிக்குப் பொருந்தாது. கொப்பிக்குச் சந்தனம் பூசி குங்குமம் வைத்தேன். பலகைக்கு எங்கே வைப்பது? நெற்றி தேடினேன். நடுவில் அந்த வட்டம் வைக்கச் சொல்லி அழைப்பது போல இருந்தது. சந்தனத்தை நன்றாக அப்பி, அதற்கு மேல் குங்குமம். வடிவாக இருந்தது. கொஞ்சம் மகளின் சாயல்கூடத் தெரிந்தது.

மறுநாள் காலை கும்பிட்டு எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் வந்து கதவைத் திறந்தேன்.

சத்தமில்லை.

கதவைச் சாத்தித் திரும்பத் திறந்தேன். பற்றறி மாற்றினேன். பொத்தான்களை அமத்தினேன். முன்பு மூன்று வருடம் சத்தமில்லாத வீட்டுக்குத்தான் வந்தேன், அப்போதெல்லாம் ஒன்றும் தெரியவில்லை. இப்போது செருப்பைக் கழற்றும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

சந்தையில் அண்ணையிடம் சொன்னேன்.

"நாவூறுதான், கண் பட்டிட்டுது," என்றார் அவர், கோவாப் பெட்டியை இறக்கியபடி. "நீ ஆக்களிட்டை எல்லாம் புளுகித் திரிஞ்சனி. தேசிக்காய் வெட்டு."

"பூசையிலை வைச்சனான் அண்ணை."

"அப்ப சாமிக்குத்தான் பிடிக்கேல்லை. ரசீது வைச்சிருக்கிறியே?"

சனிக்கிழமை வந்தது. லாசாலில் இருந்து வரும் வழி முழுக்க நான் பகிடி விடவில்லை என்பதிலேயே அவளுக்கு ஏதோ சந்தேகம் வந்திருக்க வேண்டும். கண்காட்சிக்கு ஐந்து நாள். பலகை பழுதென்றால் அப்பா வீட்டுக்கு வர அவளுக்கு இருந்த ஒரே காரணமும் பழுது.

கதவைத் திறந்தேன். அவள் காத்து நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் தொடவே இல்லை," என்றேன்.

அவள் பலகையை எடுத்தாள். அதன் நடுவில் என் பெருவிரல் அளவில் பொட்டு. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"ஏன் இது கோயில் மாதிரி மணக்குது?"

"சரஸ்வதி பூசைக்கு வைச்சனான். நெத்தியிலை ஒரு பொட்டு…"

"நெத்தியா? மே நோன், இல்லை அப்பா! இது கண். இதாலைதான் வெளிச்சம் பாக்கிறது. கதவு திறந்தால் வெளியிலை லைற், அதைப் பாத்துத்தான் பாடும். நான் சொன்னனான்தானே?"

"சொன்னனி."

"நீங்கள் கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் குரல். அது நிற்காமல் போகிறதே என்று சந்தோஷத்தில் கேட்டேனே தவிர, அது என்ன சொல்கிறது என்று கவனிக்கவில்லை. "சந்தனம் குளிர்ச்சி, கண்ணுக்கு நல்லது," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

வயரைச் செருகி, கொம்பியூட்டரில் அந்தக் கண் காணும் வெளிச்சத்தை இலக்கமாகப் பார்த்தாள். கதவு திறந்தபடி இருந்தும் ஆறு. முன்பு நூற்று நாற்பது காட்டுமாம். காது துடைக்கும் பஞ்சால் மெல்ல மெல்லத் துடைத்தோம். இலக்கம் முப்பதாகி, அறுபதாகி, எழுபத்தொன்றில் நின்றுவிட்டது. சந்தனம் போய்விட்டது. குங்குமச் சிவப்பு அந்தக் கண்ணாடிப் பூச்சில் ஊறிவிட்டது.

"புதுசு வாங்குவம்," என்றேன்.

"வேண்டாம். நான் இருட்டிலை இருந்து நூறுக்கு மேலை ஏறினால் பாடு எண்டு போட்டிருந்தன். ஐம்பது எண்டு மாத்தினால் சரி." மாற்றினாள். "இதுக்கு இனிக் கொஞ்சம் குறைவாத்தான் தெரியும். அவ்வளவுதான்."

என்னை வெளியே அனுப்பினாள். கதவைத் திறந்தேன். பாடியது. மற்றக் கதவுக்கார கிரேக்கப் பெண்மணி எட்டிப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கியிருந்ததால் வெங்காயம் என்று கையால் சைகை காட்டினேன். என் கையில் வெங்காயம் இல்லை.

ஞாயிறு பின்னேரம் பலகையை அவளே பைக்குள் வைத்தாள். கண்காட்சி முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று சொல்ல வாய் எடுத்தேன். வாயில் வந்தது வேறு.

"அங்கையே வைச்சிரு."

"இங்கைதான் இருக்க வேணும் எண்டு சொன்னனீங்கள்?"

"பகிடிக்குச் சொன்னனான். பாரமில்லை அது."

"பிறகு பாப்பம்," என்றாள்.

பனி தொடங்கியது. தாய் சொன்னபடி மாதத்துக்கு ஒரு முறை என்றானது. சனிக்கிழமைகளில் அவளுக்கு நீச்சல். நான் குப்பையை ஒரே பையில் கொண்டுபோனேன். ஒருநாள் கதவைத் திறந்தபோது என்னை அறியாமல் அந்த நாலு சுரத்தையும் நானே விசிலடித்தேன். மூன்றாவது சுரம் பிசகியது.

ஐந்து கிழமை கழித்து அவள் வந்தாள். சப்பாத்தில் இருந்த பனியைத் தட்டிவிட்டு, கம்பளிக் கையுறைக்குள் இருந்து பலகையை எடுத்துத் தட்டில் நிறுத்தினாள்.

"கண்காட்சியிலை டீச்சர் இந்தச் சிவப்பு என்ன பார்ட் எண்டு கேட்டவ. அது அப்பா பூட்டினது எண்டு சொன்னன்."

"நல்லா மானத்தை வாங்கினாய். ஏன் திருப்பிக் கொண்டு வந்தனி?"

"அம்மா வீட்டிலை எப்பவும் லைற் எரியுது. எல்லாரும் நிக்கினம். அங்கை இது ஒருநாளும் பாடேல்லை." தட்டை நேராக்கினாள். "இருட்டு வீட்டுக்குத்தான் இது சரி."

அவள் அதை ஒரு தொழில்நுட்ப விஷயமாகத்தான் சொன்னாள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டு தலையாட்டினேன். இந்த முறை கவனித்துக் கேட்டேன்.

மறுநாள் அவளை லாசாலில் விட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தேன். நாலு சுரம். லைற்றைப் போட்டு, ஜாக்கெட்டைக் கழற்றி, கொஞ்ச நேரம் கதிரையில் இருந்தேன். பிறகு எழும்பி லைற்றை அணைத்தேன். அன்றைக்குக் குப்பை இல்லை. வெறும் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.