பதினெட்டு அங்குலம்

என் அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடமும் நான்கு மாதமும் துணி வெட்டினாள். நாற்பது அடுக்குத் துணியை மேசையில் விரித்து, வரைந்த கோட்டில் இயந்திரக் கத்தியை ஓட்டும் வேலை. கோடு பிசகினால் நாற்பது சட்டையும் போச்சு. அவள் பிசகியது இரண்டே முறை. இரண்டு முறையும் தானே மேலாளரிடம் போய்ச் சொன்னாள். உடன் வேலை செய்தவர்கள் அவளைக் 'கத்திரி' என்பார்கள். அது கைக்கு வைத்த பெயரா, வாய்க்கு வைத்த பெயரா என்று அவள் யாரையும் கேட்டதில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றபின் எங்களோடு இருந்தாள். எழுபத்தெட்டாம் வயதில், மார்ச் ஒன்பதாம் தேதி காலை, குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் நடை திரும்பவில்லை. நானும் என் மனைவியும் தூக்கித்தான் கழிவறைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போது கண்ணை இறுக மூடிக்கொள்வாள். பிறகு தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள்.

"ஏன் அண்ணி இப்படிப் பண்றீங்க?" என்று என் மனைவி அழாத குறையாகக் கேட்டாள்.

"நானாப் போயிட்டு நானா வரணும். அதுக்கு வழி பண்ணுங்க, குடம் குடமாக் குடிக்கிறேன்."

உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெண், சக்கர நாற்காலியும் சுவரில் கைப்பிடியும் இருந்தால் முடியும் என்றாள். நான் வாசல்கள் ஐந்தையும் அளந்தேன். கழிவறைக் கதவு இருபத்தெட்டரை அங்குலம். அங்கே போகும் நடையின் திருப்பம் முப்பத்தொன்பது. சக்கர நாற்காலிக் கடைக்காரர் கடைசியாக, உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலம் கேட்டார்.

டேப்போடு அக்காவிடம் போனேன்.

"என்னடா, பெட்டிக்கு அளவெடுக்க வந்துட்டியா?"

"நாற்காலிக்குக்கா."

"ஊரையே அளந்தவடா நான். என்னைத் தொடாத, போ."

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். நான் வற்புறுத்தவில்லை. பதினொரு வருடம் முன்பு தச்சரிடம் அவளுக்குக் கைவைத்த நாற்காலி செய்யச் சொன்னபோது எடுத்த அளவு என் குறிப்பேட்டில் இருந்தது: பதினெட்டு அங்குலம். தேதியும் இருந்தது. அதையே கொடுத்தேன்.

நாற்காலி வந்த அன்று காலையிலேயே தலை வாரிக்கொண்டு காத்திருந்தாள். உட்காரவைத்தோம். இருபுறமும் என் கை நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. சக்கரத்தைப் பிடிக்க இரண்டு கையையும் அகல விரித்தாள். விரல் நுனிதான் பட்டது, அழுத்தம் கிடைக்கவில்லை.

"எந்த அளவுடா குடுத்த?"

சொன்னேன்.

"அது அந்தக் காலத்துக் குண்டு அக்காவோட அளவுடா. நாற்பது அடுக்கையும் சேத்து வெட்டிட்டியே." சிரித்தாள். பிறகு தன் இடுப்பைத் தானே தொட்டுப் பார்த்துவிட்டு, டேப்பை வாங்கி அளந்தாள். பதினான்கே முக்கால்.

மாற்று நாற்காலிக்கு ஆறு வாரம் என்றார் கடைக்காரர். நான்காம் வாரம் அவளுக்குச் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் எழவில்லை. காய்ச்சல் போனபோது கையிலிருந்த சதையும் போயிருந்தது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாள்.

ஜூலை இருபதாம் தேதி புது நாற்காலி வந்தது. கச்சிதமாகப் பொருந்தியது. முழங்கை மடங்க வேண்டிய இடத்தில் மடங்கியது, உள்ளங்கை சக்கரத்தின் மேல் சரியாக அமர்ந்தது. அழுத்தினாள். நகரவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாம் முறைக்குப் பின் மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தாள்.

"பிரேக் போட்டிருக்கா பாருடா."

குனிந்து பார்த்தேன். போட்டிருக்கவில்லை.

"ஆமாக்கா, போட்டுத்தான் இருக்கு. கவனிக்கல" என்றேன். விடுவிப்பதுபோல் பிரேக் கம்பியை ஒருமுறை அசைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றேன். அவள் கைகள் சக்கரத்தின் மேலேயே இருந்தன. அவை அசைந்தபோது நான் முதுகுச் சாய்மானத்தில் இரண்டு விரலை வைத்து மெல்லத் தள்ளினேன். நாற்காலி நகர்ந்தது. என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

நடையின் திருப்பத்தில் அக்கா கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலி நிற்கவில்லை.

"மெதுவாத் தள்ளுடா" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.