ஒன்று வந்த நாள்

சுலோசனாவின் வாயில் எந்தக் காலத்திலும் வராத வார்த்தை 'முடியாது' என்பதுதான். ஹனூர்ப் பக்கம் காட்டு வெள்ளாமை செய்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மைசூருக்கு வாக்கப்பட்டு வந்தவள். பக்கத்து வீட்டு பசம்மா சர்க்கரை கேட்டால் கொடுப்பாள், கல்யாணத்துக்குக் கட்டிப் போகப் பட்டுச்சேலை கேட்டாலும் கொடுப்பாள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தைக் கேட்டபோது அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்று அவள் தம்பி விஜய்குமார் கேலி செய்வான். கேலிதான், ஆனால் பொய்யில்லை.

முப்பது வயது தாண்டியதும் பெங்களூரில் நெஞ்சைத் திறந்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து அவள் நெஞ்சுக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம். விசிறியை நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த கணவன் செந்தில்நாதனுக்கு முதலில் தூக்கம் கெட்டது. பிறகு அது கேட்காவிட்டால் தூக்கமே வராது என்றான். நல்லவன்தான், அதில் சந்தேகமில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்கு எச்சரிக்கையாவது இருந்திருக்கும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். உலோகத்தின் மேல் ரத்தம் உறையப் பார்க்கும். உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். மாத்திரை அதிகமானால் ரத்தப்போக்கு நிற்காது, குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். மற்றவர்களின் ரத்தம் உறையும் நேரத்துக்கு அளவு ஒன்று என்றால், அவளுடையது மூன்றை ஒட்டி இருக்க வேண்டும். கீரை மருந்தை முறிக்கும், அதனால் அளவோடு. சுலோசனா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மாதாமாதம் பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்று, நரம்பைத் தேடித் தேடிக் குத்துகிறவர்களிடம் கையை நீட்டிவிட்டு வந்தாள்.

ஜெர்மனியில் வேலை பார்த்த விஜய்குமார் தொண்ணூற்றேழில் ஊருக்கு வந்தபோது கைக்கு அடக்கமாக ஒரு மெஷின் கொண்டுவந்தான். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அதற்குரிய பட்டையில் வைத்தால் அளவு எண்ணாகத் தெரியும். ஒரு பட்டை ஒரு தடவைக்குத்தான். பட்டைகளை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். கடையில் கிடைக்காது, அவன்தான் அனுப்ப வேண்டும்.

"அக்கா, இது உனக்கு மட்டுந்தான். வாரம் ஒருக்கா பாரு. டாக்டருகிட்டப் போறத மட்டும் விட்டுறாதே" என்றான்.

அவன் விமானம் ஏறியதும் அவள் முதலில் விட்டது அதைத்தான். வீட்டிலேயே ஆஸ்பத்திரி வந்துவிட்ட பிறகு வரிசையில் எதற்கு நிற்பது?

மெஷினை அலமாரியில் டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தான் செந்தில்நாதன். வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அதுதான் வெளியே வந்தது. ஷிஃப்ட் கூட்டாளிகள் விரலை நீட்டினார்கள். பசம்மா, "நங்கூ நோடி அண்ணா" என்று கன்னடத்தில் தனக்கும் பார்க்கச் சொல்லி விரலை நீட்டினாள். அவளுக்குப் பார்த்தால் அவள் வீட்டுக்காரருக்கும் பார்க்காமல் இருக்க முடியுமா? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்த பட்டை டப்பா இளைத்துக்கொண்டே வந்தது. சுலோசனாவுக்கு வயிறு எரிந்தது. ஆனால் விருந்தாளி முன்னால் எப்படிச் சொல்வது? அவளே பஞ்சை எடுத்துக் கொடுத்தாள்.

பட்டை தீர்வது பாதிக் கேடுதான். மீதிக் கேடு வேறு வழியில் வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் மெஷின் ஒன்று என்றே காட்டியது. அவளுக்கு மட்டும் மூன்று.

"எல்லாருக்கும் ஒண்ணு, உனக்கு மாத்தரம் மூணா?" என்றாள் ராமக்காள். செந்தில்நாதனின் அக்கா, கொள்ளேகாலிலிருந்து வந்தால் பத்து நாள் இருந்துவிட்டுத்தான் போவாள். "எங்க வீட்டுல அவருக்குச் சர்க்கரை இப்படித்தான் ஏறிக் கெடந்துது. எறக்கியாச்சில்ல? இதையும் எறக்கோணும் அம்மிணி."

"டாக்டரு மூணுதான் இருக்கோணும்னாருங்க அண்ணி" என்றாள் சுலோசனா, அவளுக்கே கேட்காத குரலில்.

"அது ஆபரேசன் ஆன புதுசுல சொன்னது" என்றான் செந்தில்நாதன். "இப்பத்தான் ஒடம்பு தேறிடுச்சே. ஒண்ணுதான் நார்மல். மெஷினே காட்டுது."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவளுக்கும் அது இனித்தது. அந்த மாத்திரையால் மாதவிலக்கு ஒவ்வொரு முறையும் அவளை உருக்கிப் போட்டது. பாய்க்கு அடியில் பிளாஸ்டிக் விரித்துப் படுப்பாள், எழுந்தால் கண் இருட்டும். லேசாக இடித்துக்கொண்டாலும் கை கன்றிப்போகும். எல்லாரையும் போல ஒன்றாக இருந்துவிட்டால் இந்த நரகம் இல்லையே என்று அவள் மனமும் கணக்குப் போட்டது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மாத்திரை பாதியானது, பிறகு அதிலும் பாதி. ராமக்காள் தினமும் கீரை கடைந்து போட்டாள். எண் இறங்கியது. கையில் கன்றல் மறைந்தது, மாதவிலக்கு மற்றப் பெண்களுக்குப் போலவே வந்து போனது. சுலோசனாவுக்குத் தன் உடம்பு தனக்கே திரும்பி வந்த மாதிரி இருந்தது. டப்பாவில் மிஞ்சியிருந்த கடைசிப் பட்டையில் ஒன்றே ஒன்று என்று வந்த நாள், செந்தில்நாதன் கைதட்டினான். ராமக்காள் நெய்யொழுகக் கேசரிபாத் கிண்டினாள். முதல் கரண்டி பசம்மா வீட்டுக்குப் போனது.

அதற்குப் பின் சில நாளில் டிக் டிக் சத்தமும் மங்கியது. துணியில் சுற்றிவைத்த கடிகாரம் போல எங்கோ உள்ளே கேட்டது. "பாத்தியா, சத்தமும் அடங்கிடுச்சு" என்றான் செந்தில்நாதன். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்ல வந்தவள், அவன் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வாரமே, தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது கரண்டி கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவளும் விழுந்தாள். வலது கை வரவில்லை, கால் வரவில்லை. என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள்; வார்த்தையாக எதுவும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "கடைசியாப் பார்த்தப்ப எவ்வளவு இருந்துச்சு?"

"ஒண்ணு சார். நார்மல்" என்றான் செந்தில்நாதன்.

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை. வால்வில் ரத்தம் கட்டி, அதில் ஒரு துணுக்கு மூளைக்குப் போயிருக்கிறது என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவளுக்கு அவனுக்கு முன்பே விளங்கியிருந்தது.

மறுபடி நெஞ்சைத் திறந்து வேறு வால்வு வைத்தார்கள். சத்தம் திரும்பியது. கையும் பேச்சும் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். விஜய்குமார் போனில் அழுதுவிட்டுப் புது டப்பா அனுப்பினான். இப்போது செந்தில்நாதன் வாரம் தவறாமல் குத்திப் பார்க்கிறான். மூன்று என்று வந்தால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். அவனைப் பார்த்தால் அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. எது அதிகம் என்று கேட்டால் ஆத்திரம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமக்காள் பார்க்க வந்தாள். விதி என்றாள், கண் பட்டது என்றாள், மூக்கைச் சிந்தினாள். செந்தில்நாதன் பட்டை டப்பாவைக் கொண்டுவந்து வைத்துச் சுலோசனாவின் விரலைப் பிடித்தான். மூன்று வந்தது.

"அது கெடக்குது விடு" என்று ராமக்காள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் நகர்ந்தாள். "நேத்திருந்து எனக்குக் கிறுகிறுன்னு வருது. எனக்கும் ஒருக்கா பாருடா தம்பி."

அவன் தயங்கினான். அக்காவாயிற்றே. பிறகு டப்பாவை நோக்கிக் கை நீட்டினான்.

அதற்குள் சுலோசனாவின் இடது கை டப்பாவை இழுத்து மடியில் போட்டு, அதன்மேல் அழுந்தி உட்கார்ந்துவிட்டது.

"என்ன சுலோசனா இது, வந்தவங்க முன்னாடி" என்றான் அவன். விரல்களை மெல்லப் பிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. ராமக்காளின் நீட்டிய விரல் அப்படியே நின்றது. அறையில் டிக் டிக் சத்தம் நன்றாகக் கேட்டது. இரண்டு கையும் வாயும் இருந்த காலத்தில் செய்திருக்க வேண்டியதை இருந்த ஒரு கையால் செய்துவிட்டு, சுலோசனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டப்பாவை விடவில்லை.