நீந்தவிட்ட மீன்கள்

"இந்தப் பொண்ணு எங்க வளரப்போகுது!" என்று கீழ்வீட்டு மாஷிமா, அதாவது நாங்கள் சித்தி முறை வைத்து அழைத்த வங்காளி அம்மா, தன் மொழியில் சொன்னபோது எனக்கு ஐந்து வயது. அவர் சொன்னதை, நாங்கள் குடியிருந்த பெஹாலாப் பகுதியில் எங்கள் கட்டடமே நம்பியது. பிறந்ததும் நான் அழவில்லையாம். மூச்சு வரத் தாமதமாகி உடம்பு நீலமாகிவிட்டதாம். பள்ளியில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் நான்தான் முதல் ஆள், அவ்வளவு குட்டை.

அம்மா பயந்துபோய் என்னை ஓடவே விடவில்லை. ஒன்பதாம் வகுப்பு வரை என் புத்தகப் பையைத் தானே சுமந்து மூன்று மாடி ஏறினாள். அவளும் அப்பாவும் பள்ளிக்கூடம் போனவர்கள் அல்ல. பையைத் தோளில் மாட்டும்போது பெருமையில் அவள் நடையே மாறிவிடும்.

இப்போது நான் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. முட்டைப் பருவத்தில் ஆக்சிஜன் குறைந்த நீரில் வைத்த குட்டி மீன்களில் பாதியைத் தினமும் ஓடும் நீரில் நீந்தவிட்டு வளர்த்தேன். மீதியைச் சும்மா விட்டேன். நீந்தினால் விட்ட வளர்ச்சியைப் பிடிக்குமா என்பதுதான் கேள்வி.

மாஷிமாவிடம் சொன்னேன். "மீனுக்குக் கடுகு அரைச்சு ஊத்திக் குழம்பு வைப்பாங்க. நீ உடற்பயிற்சி குடுக்கிறியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

அளந்து முடித்த அன்று அம்மாவை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். தொட்டியருகே குனிந்து பார்த்தாள்.

"எதுடி பெருசு?"

"நீந்தினதுதாம்மா. கொஞ்சம்தான்."

அவள் முகம் வாடியது. "அப்போ உன் பையை நான் தூக்கினது தப்பா?"

அதுவரை எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

"நான் மீன் இல்லம்மா. இதுவும் ஒரு தடவை அளந்ததுதான். மறுபடி வளர்த்துப் பார்க்காம எதுவும் சொல்ல முடியாது."

அம்மா யோசித்தாள். "அப்படின்னா நீ எப்படி மாஷிமாவைவிட உயரமானே?"

"அவங்களுக்குக் கூன் விழுந்துடுச்சும்மா."

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். கிளம்பும்போது அம்மாவின் கை வழக்கம்போல் என் பைக்கு நீண்டது.

"தூக்கிக்கோ, உனக்கும் உடற்பயிற்சி" என்றேன். முதுகில் ஒன்று வைத்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டாள்.

நீந்திய மீன்கள் ஜெயிக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன் என்பது அவள் முகம் வாடியபோதுதான் புரிந்தது. ஆசையோடு அளக்கும் கை கொஞ்சம் கூட்டித்தான் அளக்கும். மறுநாள் காலையே புது முட்டைகளை ஆக்சிஜன் குறைந்த நீரில் வைத்தேன். இம்முறை எந்தத் தொட்டி மீன்கள் நீந்துகின்றன என்பது எனக்குத் தெரியாது. பிரித்து நீந்தவிடுவது ஒரு தோழியின் வேலை; அந்தக் குறிப்பை நான் அளந்து முடிக்கும்வரை பூட்டி வைக்கச் சொல்லிவிட்டேன்.