வாளியில் தொடங்கிய நீச்சல்

முகத்தை வாளித் தண்ணீருக்குள் முக்கி, மூக்கு வழியாகக் காற்றை விட்டுக்கொண்டிருந்தாள் செண்பகவல்லி. குமிழிகள் காதோரமாக ஏறி உடைந்தன. மூச்சு முட்டியதும் தலையைத் தூக்கி, வாயைப் பிளந்து காற்றை இழுத்து, மறுபடி முக்கினாள். குளியலறைக் கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"கேர்ள், உள்ள என்ன செய்றே? ஓக்கேவா லா?"

"ஓக்கே ஆன்ட்டி. முகம் கழுவுதேன்."

"இவ்ளோ நேரமா? மொகம் தேஞ்சிறப் போவுது."

கேட்டவர் ஆலிஸ். பினாங்குத் தீவில், ஜெலுத்தோங் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் தனியாக இருப்பவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கத்தோலிக்கத் தமிழ்ப் பெண்மணி. அந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுவார். வீட்டின் பின்னறையை வெளிநாட்டு மாணவிகளுக்கு வாடகைக்கு விடுவார். இதுவரை வந்தவர்களெல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். இந்த முறை வந்து இறங்கிய மாணவிக்கு முப்பத்தேழு வயது, கழுத்தில் தாலி, பெட்டி நிறைய இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் கடலை மிட்டாயும். "மகள கொண்டாந்து விட வந்தியாமான்னு கேட்டேன். நான்தான் ஆன்ட்டி படிக்கப் போறேங்குது" என்று கோயில் முடிந்து வரும் தோழிகளிடம் ஆலிஸ் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

செண்பகவல்லிக்குக் கோவில்பட்டி. அங்கே ஒரு மகளிர் கல்லூரியில் பதினோரு வருடம் விலங்கியல் நடத்தியவள். மெல்லுடலிகள் பாடம் வரும்போதெல்லாம், மருந்துப் பாட்டிலுக்குள் வெளுத்துக் கிடந்த ஒரே ஒரு சிப்பியைத் தூக்கிக் காட்டுவாள். ஒரு வருடம் முன்வரிசைப் பெண் ஒருத்தி, "மிஸ், இது உயிரோட இருக்கப்ப என்ன நிறம்?" என்று கேட்டுவிட்டாள். மிஸ்ஸுக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் போட்டிருந்த நிறத்தைச் சொல்லிச் சமாளித்தாள். அதற்குப் பிறகுதான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு எழுதிப் போட ஆரம்பித்தாள். பினாங்கிலிருந்து உதவித்தொகையோடு இடம் கிடைத்தபோது, தீப்பெட்டி ஆலையில் மேலாளராக இருக்கும் கணவன் பால்வண்ணநாதன் கடிதத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்தான். பிறகு, "மூணு வருசந்தான? பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். போயிட்டு வா" என்றான். மகள் எட்டாம் வகுப்பு.

தீவுக்கு எதிர்க்கரையில், ஜுரு பக்கத்துச் சேற்றுக் கரையில் விளையும் 'கெராங்' என்ற சிப்பிதான் அவளுடைய ஆய்வு. அதன் ஓட்டில் விழுந்திருக்கும் மெல்லிய வரிகளைப் பார்த்து, எப்போது அது நன்றாக இரை எடுத்தது, எப்போது பட்டினி கிடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதல் மூட்டைச் சிப்பி ஆய்வுக்கூடத்துக்கு வந்த அன்று, ஒன்றைப் பிளந்து பார்த்தாள். உள்ளே ரத்தச் சிவப்பு. அப்படியே படம் பிடித்து, கேள்வி கேட்ட அந்தப் பழைய மாணவிக்கு அனுப்பிவிட்டுத்தான் கையைக் கழுவினாள்.

போகிற ஊரிலும் தமிழ் உண்டு என்பது புறப்படும்போது பெரிய தெம்பாக இருந்தது. வந்து பார்த்தால் அந்தத் தமிழையும் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் அடுத்த மேசைக்காரி துளசி. சுங்கை பாக்காப்பில் பிறந்து வளர்ந்தவள். பத்து வயது இளையவள். முதல் வாரத்திலேயே, "அக்கா, நாளைக்கி நான் மோட்டார்ல வந்து உங்கள ஏத்திக்கிறேன்" என்றாள். கரிசல் சீமைக்காரிக்கு மோட்டார் என்றால் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது. அதில் ஆளை எப்படி ஏற்றுவார்கள்? மறுநாள் கீழே இறங்கி வந்து, துளசி தலைக்கவசத்தோடு உட்கார்ந்திருந்த பைக்கைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஆனால் துளசி தினமும் கேட்கும் "பசியாறிட்டிங்களா?" அவளுக்கு உடனே பிடித்துப்போயிற்று. ஒரு நாள் தன்னை அறியாமல் மகளிடமும் போனில் அப்படியே கேட்டுவைத்தாள். "எம்மா, யாருக்கு என்ன ஆறணும்?" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மாறாத பழக்கம் ஒன்று இருந்தது. படுக்கப் போகுமுன் செண்பகவல்லி, ஆலிஸ் வீட்டிலிருக்கும் குடம், வாளி, சட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்துவிடுவாள். குழாயில் எந்நேரமும் தண்ணீர் வரும் என்று எத்தனை முறை சொன்னாலும் மனம் கேட்காது. தண்ணீர் லாரிச் சத்தம் கேட்டதும் குடத்தோடு ஓடி வளர்ந்த உடம்பு அது. "பைப்பு எங்கயும் ஓடிப் போவாது லா" என்று ஆலிஸ் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் செடிகளுக்கு ஊற்றுவார்.

இப்படித் தண்ணீரைக் குடத்தில் மட்டுமே பார்த்துப் பழகியவளுக்குத்தான் அந்த விதி வந்து சேர்ந்தது. சிப்பி எடுக்கப் போகும் பல்கலைக்கழகத் துறையின் படகில் ஏற வேண்டுமானால் ஐம்பது மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். பிறகு காலை ஊன்றாமல் மிதந்து காட்ட வேண்டும். முதல் பருவம் முழுக்கப் படகோட்டியும் களப் பணியாளருமான ஹஸ்ருல்தான் அவளுக்காகச் சிப்பி எடுத்து வந்தார். மூட்டையில் சிப்பி வந்தது. அது கிடந்த இடம் வரவில்லை. எந்த ஆழம், எப்படிப்பட்ட சேறு, பக்கத்தில் என்னென்ன இருந்தன என்று எதுவும் தெரியாமல் அவள் ஓட்டு வரிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள். வழிகாட்டிப் பேராசிரியை ஒரு நாள் கூப்பிட்டார். அடுத்த பருவத்துக்குள் படகில் ஏறியாக வேண்டும், இல்லையென்றால் இந்தத் தலைப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுத் தொட்டியில் வளர்க்கும் நத்தையை எடுத்துக்கொள்ளலாம் என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

"நான் கத்துக் குடுக்கறேன் அக்கா. ஒண்ணும் பெரிய விசயம் இல்ல லா" என்றாள் துளசி.

நீச்சலைவிட நீச்சல் உடைதான் முதலில் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. அந்தக் கவலை பொது நீச்சல் குளத்தின் வாசலிலேயே தீர்ந்தது. மலாய்ப் பெண்கள் கணுக்கால் வரை, மணிக்கட்டு வரை மூடிய உடையில் சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தார்கள். அன்று மாலையே துளசியைக் கூட்டிக்கொண்டு போய் அதே மாதிரி கருநீலத்தில் ஒன்று வாங்கிவிட்டாள். போட்டுக்கொண்டு ஆலிஸ் முன்னால் வந்து நின்றபோது அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பெங்குவின் மாரி இருக்கே. நல்லாருக்கு" என்றார்.

உடை சரியாக இருந்தது, உடம்புதான் கேட்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் சீனப் பாட்டிமார் கூட்டம் ஒன்று கதை பேசியபடி நடை பழகிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு நடுவே செண்பகவல்லி குளத்தின் விளிம்பைப் பிடித்த பிடியை விடமாட்டாள். மூன்றாம் நாள் துளசி மெல்ல அவள் விரல்களைப் பிரித்து, சற்றே ஆழத்துக்கு நகர்த்தி, வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தாங்கினாள். தரை கிடைக்கவில்லை என்று கால் உணர்ந்த நொடியில் செண்பகவல்லிக்கு எல்லாம் மறந்துபோயிற்று. கையில் அகப்பட்டதைப் பற்றி ஏறினாள். அகப்பட்டது துளசியின் கழுத்து. இருவரும் சேர்ந்து முங்கினார்கள். பாட்டிமார் கத்திக்கொண்டே வந்து இழுத்துக் கரையில் போட்டார்கள். இருமி முடித்துப் பார்த்தால், துளசியின் கழுத்தில் நான்கு நகக்கீறல்கள் சிவந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"எனக்கு நத்தையே போதும் துளசி" என்றாள் செண்பகவல்லி.

அதற்கப்புறம் குளத்துப் பக்கம் போகவில்லை. துளசியின் பைக்கையும் தவிர்த்து, முன்கூட்டியே பேருந்து பிடித்துப் போய்விடுவாள். நத்தைகளைப் பற்றிப் படிக்க உட்கார்வாள்; ஒரு பக்கம் தாண்டாது. ஒரு பிள்ளையைச் சாகடிக்கப் பார்த்தோமே என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊருக்குப் போய்விடலாமா என்றுகூட ஒரு மாலை யோசித்தாள். பதினோரு வருடம் நடத்திய வேலை அங்கே இருக்கிறது. அந்தச் சிப்பிப் பாட்டிலும் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை துளசி நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் கடையிலிருந்து பொட்டலமாக 'தாப்பாவ்' கட்டி வந்த ரொட்டி சானாய் என்னும் பரோட்டா, கழுத்தில் பிளாஸ்திரி. ஆலிஸ் அதைப் பார்த்து, "என்னாச்சு?" என்றார்.

"பூனை பொறாண்டிருச்சு ஆன்ட்டி" என்றாள் துளசி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "பெரிய பூனை. இந்தியாலேருந்து வந்த பூனை."

செண்பகவல்லிக்கு முதலில் அழுகை வந்தது. அதை முந்திக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது.

"உங்களுக்குத் தண்ணியில பயம் இல்லக்கா. மூச்சு வுடத் தெரில, அவ்ளோதான்" என்றாள் துளசி, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "இங்கதான் இவ்ளோ வாளி ரொப்பி வச்சிருக்கிங்களே. ஒண்ணுல மொகத்த வுடுங்க. மூக்கால ஊதுங்க. டெய்லி செய்ங்க."

வாளிப் பயிற்சி அப்படித்தான் தொடங்கியது. ஆலிஸ் கதவைத் தட்டுவதும் அப்படித்தான் தினப்படி ஆயிற்று. உண்மை தெரிந்த பிறகும் அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. செண்பகவல்லியும், "முகம் கழுவுதேன்" என்பதை மாற்றவில்லை.

மறுபடி குளத்துக்குப் போனபோது துளசி நீந்தச் சொல்லவில்லை. மல்லாந்து படுக்கச் சொன்னாள். பிடரிக்கடியில் இரண்டு விரல் மட்டும் கொடுத்திருந்தாள். செண்பகவல்லி வானத்தைப் பார்த்தபடி உடம்பைத் தளர்த்தினாள். காதுகள் தண்ணீருக்குள் போயின. சட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது. பாட்டிமார் சீனம், ஒலிபெருக்கி மலாய், சாலை இரைச்சல் எதுவும் இல்லை. தன் மூச்சுச் சத்தம் மட்டும். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு, யார் என்ன மொழியில் என்ன சொல்கிறார்கள் என்று பிடித்துக்கொண்டே இருந்த தலைக்கு, முதன்முதலாக ஒரு ஓய்வு கிடைத்தது. நேரம் போனது தெரியவில்லை. கண்ணைத் திருப்பிப் பார்த்தால், துளசி தள்ளிப்போய்ப் பாட்டிமாரோடு நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள். விரல்களை எப்போது எடுத்தாளோ! செண்பகவல்லி சிரித்து, அந்தச் சிரிப்பில் ஒரு வாய்த் தண்ணீரும் குடித்துவிட்டாள்.

வீட்டுக்கு இதையெல்லாம் சொல்லியிருக்கவில்லை. தலைமுடிதான் காட்டிக்கொடுத்தது.

"என்ன, தல செம்பட்டையா இருக்கு? எண்ண தேய்க்கியா இல்லையா?" என்று கைப்பேசித் திரையில் உற்றுப் பார்த்தான் பால்வண்ணநாதன்.

"குளத்து மருந்துங்க. நீச்சல் பழகுதேன்."

மகள் அப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"மூக்குல தண்ணி ஏறுமே?" என்றான் அவன்.

"ஏறும்."

"ஏறுனா என்ன செய்வ?"

"தும்முவேன்."

"சரி. தலைக்கு எண்ணைய வச்சிக்கிட்டு இறங்கு" என்றான்.

சோதனை நாளில் ஹஸ்ருல் கழுத்தில் விசிலோடு குளக்கரையில் நின்றார். "பெலான் பெலான், காக்" என்றார். மெதுவாக அக்கா, அவசரம் வேண்டாம் என்று. அவசரப்படுகிற நீச்சலே அவளிடம் கிடையாது. தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, தவளை மாதிரி காலை உதைத்து உதைத்துப் போனாள். முதல் நீளம் முடிந்து திரும்பிப் பாதி வந்திருப்பாள், வலது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. துளசி கரையில் எழுந்து நின்றுவிட்டாள். ஹஸ்ருல் செருப்பைக் கழற்றினார். செண்பகவல்லி யாரையும் பார்க்கவில்லை. மெல்லப் புரண்டு மல்லாந்தாள். வானம் பார்த்துப் படுத்து, காலை நீட்டி மடக்கி, பிடிப்பு விடும்வரை பொறுத்திருந்தாள். பிறகு புரண்டு, மிச்சத்தை நீந்தி முடித்துச் சுவரைத் தொட்டாள்.

"லூலுஸ்!" என்றார் ஹஸ்ருல். தேறிவிட்டாள். நடுவில் மல்லாந்து கிடந்ததையே அவர் மிதந்து காட்டியதாகவும் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் படகு ஜுருக் கரைக்குப் போயிற்று. கடல் வற்றம் தொடங்கிச் சேறு தலைகாட்டும் நேரம். அன்று முழுக்க அவள் முழங்கால் புதையச் சேற்றில் நடந்து, குனிந்து குனிந்து, சிப்பிகளைத் தன் கையால் தோண்டி எடுத்தாள். உடை, முகம், செம்பட்டைத் தலை எல்லாம் ஒரே சாம்பல் நிறச் சேறு. வழியில் கண்ட ஒவ்வொரு பொந்தையும் காட்டி, "இது யாரு வீடு?" என்று ஹஸ்ருலைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

திரும்பும்போது, உதவிக்குக் கூட வந்திருந்த துளசி சிப்பி மூட்டையில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பினாங்குப் பாலத்தின் நிழலைத் தாண்டுகையில் செண்பகவல்லியின் கைப்பேசி ஒலித்தது. தண்ணீர் புகாத பைக்குள் கிடந்த திரையில் கணவனும் மகளும் முட்டி மோதிக்கொண்டு தெரிந்தார்கள்.

"எங்கம்மா இருக்க? பின்னால என்ன அது, கடலா?" என்று கத்தினாள் மகள்.

செண்பகவல்லி ஹஸ்ருலிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கை காட்டினாள். படகின் விளிம்பில் வயிற்றை அழுத்திக் குனிந்து, "ஏ போனு, போனு!" என்று பால்வண்ணநாதன் அலற அலற, கைப்பேசி பிடித்த கையை மணிக்கட்டு மூழ்கும்வரை கடலுக்குள் இறக்கினாள்.